அகராதி தந்த ஜான்சன்

கோதுமை மாவுக்கும் மல்லிகைப் பூவுக்கும் என்ன உறவு? ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியையைக் கேட்டால் தெரியும். சென்ற ஆண்டு ஒரு மாணவி, பண்டிகைக்குத் தன் தாயார் இரண்டு கிலோ பூவைச் சலித்து, முட்டை அடித்து ஊற்றிக் கேக் செய்ததாக எழுதியிருந்தாள். ஃபிளவர் என்று காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வேறுபாடு தெரியும். ஓ, யு, ஆர் என்று முடிந்தால் மாவு. ஓ, டபிள்யூ, ஈ, ஆர் என்று முடிந்தால் பூ. சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டேன். பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கில மொழிக்குப் பேரகராதி எழுதிய டாக்டர் சாமுவேல் ஜான்சனின் நோட்டாக இருந்தால் அவருக்கும் அல்லவா வட்டமிட வேண்டியிருக்கும்!

ஜான்சன் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மைக்கேல் புத்தக வியாபாரி. பழங்காலத்தில் அந்நாட்டில் சரக்கைச் சுமந்து ஊர் ஊராகத் திரிந்து விற்றவர்கள் பலர். அவ்வாறு அலையாமல் ஓரிடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள். நிற்றல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லே இதற்கு மூலம். அவரிடம் வாங்கும் தாளும் மையும் ஸ்டேஷனரி. அசையாமல் ஓரிடத்தில் நிற்பதும் ஸ்டேஷனரி. முன்னதில் ஈ, பின்னதில் ஏ. பேக்கர், பேக்கரி என்பது போல ஸ்டேஷனர், ஸ்டேஷனரி என்று சொல்லிப் பாருங்கள். ஈ தானாக வந்துவிடும். மைக்கேல் ஜான்சன் லிச்ஃபீல்டில் கடை வைத்திருந்ததோடு, சந்தை நாட்களில் பக்கத்து ஊர்களுக்கும் சென்று கடை பரப்புவார். உட்டாக்சீட்டர் அவற்றுள் ஒன்று. இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் அவரைப் பற்றியது. முகத்தில் வடு விழுந்தது. கண்பார்வையும் செவிப்புலனும் குறைந்தன. மன்னர் தொட்டால் அந்நோய் தீரும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்ததால், 1712இல் தாயார் அவரை லண்டனுக்குத் தூக்கிச் சென்றார். ஆன் அரசி தொட்டார்; நோய் தீரவில்லை. காது மந்தமான இந்தக் குழந்தைதான் பின்னாளில் ஒரு மொழியின் சொற்களையெல்லாம் பிரித்து அடுக்கப் போகிறது!

தந்தையின் கடையிலிருந்த புத்தகங்களே அவருக்குப் பள்ளிக்கூடம் போல. 1728இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே அவருடைய காலணியின் கிழிசல் வழியாக விரல்கள் தெரியும். அதைக் கண்ட யாரோ ஒருவர் அவர் அறை வாசலில் புதுக் காலணி ஒரு ஜோடியை வைத்துவிட்டுப் போனார். ஜான்சன் அதை எடுத்து வீசி எறிந்துவிட்டார். அது ரோஷம் என்பீர்களோ, வறட்டுக் கர்வம் என்பீர்களோ! பணமில்லாமல் பதின்மூன்று மாதங்களில் படிப்பு நின்றது. பட்டம் இல்லை.

1735இல், தம்மைவிட இருபது வயது மூத்த எலிசபெத் என்னும் விதவையை மணந்தார். மனைவியின் பணத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே வந்தார்கள். பள்ளியை மூடிவிட்டு 1737இல் லண்டன் சென்று, பத்திரிகைகளுக்கு எழுதி வயிற்றைக் கழுவினார்.

1746இல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்று சேர்ந்து, ஆங்கிலத்திற்கு ஓர் அகராதி செய்து தருமாறு அவரைக் கேட்டார்கள். கூலி 1,575 பவுன். மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாக அவர் வாக்களித்தார். பிரெஞ்சு அறிஞர்கள் நாற்பது பேர் நாற்பது ஆண்டுகள் உழைத்த வேலை அது. கஃப் சதுக்கத்து வீட்டின் மாடியில் ஆறு உதவியாளர்கள் எழுத, ஜான்சன் நல்ல நூல்களைப் படித்துச் சொற்களுக்கு அடியில் கோடிட்டுக் கொடுப்பார். கோடிட்ட வாக்கியங்களை அவர்கள் தாள் துண்டுகளில் எழுதி, எழுத்து வரிசையில் அடுக்குவார்கள். ஒரு சொல் எங்கெங்கே, எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்தே பொருள் எழுதினார். டேக் என்னும் சிறு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் கண்டார்!

நமக்கு அரமும் அறமும், மனமும் மணமும் மயங்குவது போல ஆங்கிலேயருக்கும் மயக்கம் உண்டு. கடலைக் குறிக்கும் சீயும், காண்பதைக் குறிக்கும் சீயும் ஒரு காலத்தில் வெவ்வேறாக ஒலித்தவை. இரவைக் குறிக்கும் நைட்டுக்கும் வீரனைக் குறிக்கும் நைட்டுக்கும் அப்படியே. வீரனின் தலையில் உள்ள கே எழுத்தை அந்நாளில் வாய்விட்டு உச்சரித்தார்கள். ஒலி மாறிப் போயிற்று. எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மாவின் கதையோ இதற்கு நேர்மாறு. தானியத்தை அரைத்துச் சலித்தெடுத்த மிகச் சிறந்த பகுதியை அதன் பூ என்றார்கள். ஆக, இரண்டும் ஒரே சொல்தான். 1755இல் வெளிவந்த ஜான்சனின் அகராதியில் ஓ, யு போட்ட மாவுக்குத் தனி இடமே இல்லை. பூவின் கீழேயே அதுவும் அடங்கியிருந்தது. மாவு தனிக்குடித்தனம் போனது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அவரும் தவறினார். வலி என்னும் பொருளுள்ள ஏக் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்ததாகத் தவறாக எண்ணினார். பேக், மேக், டேக் போல் நேராக எழுதக்கூடிய சொல்லை நாம் இன்று சி, ஹெச் போட்டு எழுதுவதற்குப் பெரும்பாலும் அவரே காரணம்! குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியின் பெயருக்கு, முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமைதான் காரணம் என்று சற்றும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அத்தனை பெரிய பண்டிதரிடம் அப்படிக் கேட்ட அந்தப் பெண்மணியையும் எனக்குப் பிடிக்கிறது.

வேலை நடுவில் இருக்கும்போதே, 1752இல் மனைவி இறந்துபோனார். ஜான்சன் உடைந்து போனார். மறு ஆண்டு ஏப்ரலில், இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் நாளில், இதுவரை தாங்கிய இறைவன் இனியும் தாங்க வேண்டும் என்று ஒரு செபம் எழுதி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 1755 ஏப்ரல் 15ஆம் நாள் அகராதி இரண்டு பெரும் பாகங்களாக வெளிவந்தது. 42,000க்கும் மேற்பட்ட சொற்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உழைப்பு. பட்டம் பெறாமல் வெளியேறியவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு அதே ஆண்டு எம்.ஏ. பட்டம் வழங்கியது.

புகழ் வந்ததே தவிரப் பணம் வரவில்லை. 1759இல் தாயார் இறந்தபோது, அடக்கச் செலவுக்காக ஒரு வாரத்து மாலை வேளைகளில் ஒரு கதைநூலை எழுதி விற்றார். 1762இல்தான் அரசாங்கம் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளித்தது. அதன் பிறகு அவருடைய வீட்டில் ஏழைகளும் ஆதரவற்றவர்களும் எப்போதும் தங்கியிருந்தார்கள்.

இப்போது உட்டாக்சீட்டர். தந்தை நோயுற்றிருந்த ஒரு சந்தை நாளில், தமக்குப் பதிலாக அங்கே சென்று புத்தகக் கடையைக் கவனிக்கும்படி மகனை வேண்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் சந்தையில் கடை போடுவதா என்ற கர்வத்தில் ஜான்சன் மறுத்துவிட்டார். 1731இல் தந்தை இறந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்து, நாடறிந்த முதியவரான பிறகு, ஜான்சன் ஒருநாள் தனியே உட்டாக்சீட்டருக்குப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. தந்தையின் கடை இருந்த அதே இடத்தில், தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறுந்தலையோடு நெடுநேரம் அசையாமல் நின்றார். இதை அவர் தம் கடைசி ஆண்டில்தான் ஓர் இளம் குருவிடம் சொன்னார். 1784 டிசம்பர் 13இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

உட்டாக்சீட்டர் சந்தைத் திடலில், அவர் தலை குனிந்து நிற்கும் காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.