பனியில் பதிந்த தடங்கள்

வெற்றி பெற்றவரை உலகம் போற்றும்; அவரை உருவாக்கிய ஆசானை எளிதில் மறந்துவிடும். அவ்வாறு மறக்கப்படக் கூடாத ஒருவரை இக்கட்டுரையின்வழி அறிமுகப்படுத்த விழைகிறேன். அவர்தான் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மேரிபெல் வின்சன்.

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில், பனிச்சறுக்கு என்றதும் இசைக்கேற்பச் சுழன்று தாவும் வீரர்களே நினைவுக்கு வருவர். மேரிபெல் காலத்துப் போட்டியில் இன்னொரு பகுதியும் இருந்தது. காலணியில் பொருத்திய தகட்டின் விளிம்பால், எட்டு என்னும் எண்ணைப் போன்ற வடிவங்களைப் பனித்தளத்தில் வரைய வேண்டும். நடுவர்கள் அத்தடங்களை ஆராய்ந்து புள்ளிகள் வழங்குவர். மொத்தப் புள்ளிகளில் பாதிக்கும் மேல் இதற்கே உரியது. பொறுமை இல்லாதவர் இவ்விளையாட்டில் நிலைக்க முடியாது.

மேரிபெல் 1911ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வின்செஸ்டர் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் பனிச்சறுக்கு வீரர்கள். 1928இல், தம் 16ஆம் வயதில், அமெரிக்க மகளிர் வெற்றியாளரானார். 1937க்குள் அப்பட்டத்தை ஒன்பது முறை வென்றார். இணையர் பிரிவிலும் ஆறு முறை வாகை சூடினார். இதற்கிடையே ரேட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பெண் விளையாட்டுச் செய்தியாளர் என்றும் அறியப்படுகிறார். தேர்வுக்கும் புறப்பாட நடவடிக்கைக்கும் இடையே திணறும் நமக்கு இது வியப்பளிக்கும்.

ஆனால், உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் இவருக்கு முதலிடம் கிட்டவில்லை. நார்வே நாட்டின் சோன்யா ஹெனி அசைக்க முடியாதவராக விளங்கிய காலம் அது. 1928 உலகப் போட்டியில் வெள்ளி, 1930இல் வெண்கலம், 1932 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் வெண்கலம். 1936 ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடமே கிடைத்தது. அந்நான்கு போட்டிகளிலும் ஹெனிக்கே தங்கம்.

அதோடு இவர் கதை முடிந்துவிடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராகி, சக ஆட்டக்காரரான கை ஓவனை மணந்து, பின்னர் பயிற்றுநரானார். கண்டிப்புக்குப் பெயர் போனவர். இவருடைய மாணவி டென்லி ஆல்பிரைட், சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். அப்பெண்தான் 1956 கொர்தினா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அமெரிக்கப் பெண் ஒருவர் பனிச்சறுக்கில் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. தாம் எட்ட முடியாத உயரத்தை மாணவி எட்டக் காண்பதைவிட ஆசானுக்கு வேறென்ன பேறு வேண்டும்?

1961 தொடக்கத்தில் அவர் இல்லத்திற்கு இரட்டை மகிழ்ச்சி வந்தது. இளைய மகள் லாரன்ஸ், 16 வயதில், அமெரிக்க மகளிர் வெற்றியாளரானார். 20 வயது மூத்த மகள் மேரிபெல் இணையர் பட்டத்தை வென்றார். பிராக் நகரில் நடைபெறவிருந்த உலகப் போட்டிக்குத் தாயும் மகள்களும் அமெரிக்கக் குழுவோடு புறப்பட்டனர். பிப்ரவரி 15ஆம் நாள், பிரசல்ஸ் அருகே அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 72 பேரும் மாண்டனர். அவர்களுள் 18 பேர் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர்கள். அவ்வாண்டு உலகப் போட்டியே கைவிடப்பட்டது.

ஒரே நாளில் ஒரு நாடு தன் வீரர்களையும் பயிற்றுநர்களையும் இழந்தது. எனினும், மேரிபெல் கற்றுத்தந்த கலை அவரோடு மடியவில்லை. அவரிடம் பயின்ற ஃபிராங்க் கேரல் பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநரானார். அவரிடம் பயிற்சி பெற்ற காலத்தில் மிஷெல் குவான் நான்கு முறை உலக வெற்றியாளரானார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆடவர் தங்கம் வென்ற எவன் லைசாச்செக்கும் கேரலின் மாணவரே.

ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால், மேரிபெல் மூன்றாம் இடத்தில் நின்றவர். அவர் மாணவர்களையும் மாணவரின் மாணவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய உண்மையான உயரம் எனக்குப் புலப்படுகிறது. பனியில் வரைந்த தடம் சில நிமிடங்களில் அழிந்துவிடும். மாணவர் மனத்தில் பதித்த தடமோ தலைமுறைகளைக் கடந்தும் நிற்கும். நாமும் கற்றதை நமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைத்துச் செல்வோமாக!