பெங்களூரு சாலைகளுக்குப் பூ அட்டவணை போட்ட ஜெர்மானியர்

ஆண்டுத் தொடக்கத்தில் பெங்களூரு போயிருக்கிறீர்களா? சாலையோர மரங்களில் இலை குறைந்து இளஞ்சிவப்புப் பூ நிறைந்திருக்கும். மார்ச் மாதம் போனவர்கள் ஊதா நிற ஜகரண்டாவைப் பார்த்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றையின் மஞ்சளும் குல்மோகரின் சிவப்பும்தான் எங்கும்.

ஒரு மரம் ஓயும்போது அடுத்த மரம் ஆரம்பிக்கிறது. இது தானா நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க. எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று கணக்குப் போட்டு நடும் வழக்கத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைச் சொல்கிறார்கள். பெயர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல்.

யார் இவர்?

1865ஆம் ஆண்டு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகில் உள்ள லோமன் என்ற ஊரில் பிறந்தவர். அங்கேயே தோட்ட வேலை பழகினார். விதை போடுவது, நாற்று எடுப்பது, பதியன் போடுவது என்று கையில் மண் ஒட்டும் வேலைகள். 1888இல் இங்கிலாந்து போனார். லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்திகளைப் பராமரித்தார். பிறகு கியூ தாவரவியல் தோட்டத்தில் இடம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கியூ என்பது சாதாரணத் தோட்டம் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்குச் செடிகளும் விதைகளும் தோட்டக்காரர்களும் அங்கிருந்துதான் போனார்கள். மலாயாவின் ரப்பர் கதைகூட கியூ வழியாக வந்ததுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

க்ரும்பீகல் 1893இல் இந்தியா வந்தார். வயது 27. பரோடா சமஸ்தானத்தின் தோட்டங்கள் அவர் பொறுப்பில் வந்தன. மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். அரண்மனைத் தோட்டங்களும் பூங்காக்களும் அவருக்குப் பாடசாலை ஆயின. நம்மூர்ச் செடி எது, வெளியூர்ச் செடி எது, எது வெயிலைத் தாங்கும், எது தண்ணீர் இல்லாமல் வாடும் என்பதெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து வருவதில்லையே.

லால்பாக்

1908இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பில் பெங்களூரு வந்தார். ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு முன்பு அங்கே இருந்தவர் ஜான் கேமரன். நாம் சாம்பாரில் போடும் சௌசௌவைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். அந்தக் காய்க்குப் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று இன்னொரு பெயர் இருப்பது நினைவுக்கு வருதா?

வெளிநாடுகளோடு விதைகளைப் பரிமாறிக்கொள்ளும் வேலை க்ரும்பீகல் காலத்திலும் தொடர்ந்தது. ஆனால் அவருடைய வேலை லால்பாக் வேலிக்குள் நிற்கவில்லை. தோட்டத்துக்குள் மட்டும் பூத்தால் போதுமா, சாலையும் பூக்க வேண்டாமா? அங்கேதான் தோட்டக்காரர் வடிவமைப்பாளராக மாறுகிறார்.

வரைபடம் போடுபவர்கள் பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான் யோசிப்பார்கள். இங்கே பாதை, அங்கே புல்வெளி, நடுவில் நீரூற்று. க்ரும்பீகல் மாதங்களையும் சேர்த்து யோசித்தார். ஒரு மரம் எப்போது இலை உதிர்க்கும், எப்போது பூக்கும், எத்தனை வாரம் நிற்கும் என்று நாற்றங்காலில் பல வருடம் நின்று பார்த்தவருக்குத்தான் அது முடியும்.

பெங்களூரு அதற்கு ஏற்ற ஊரும்கூட. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மழை இல்லாத மாதங்கள் தெளிவாகப் பிரிந்து வரும். அந்த வறட்சிதான் பல மரங்களுக்குப் பூக்கச் சொல்லும் மணியோசை. சிங்கப்பூரில் அப்படி இல்லை. இங்கே டிரம்பெட் மரங்கள் பூத்தால் சக்குரா என்று படம் எடுக்க ஓடுகிறோம் இல்லையா? கொஞ்ச நாள் வறண்டு, பிறகு மழை பெய்தால்தான் அவை நன்றாகப் பூக்கும். சில வருடம் அள்ளிக் கொட்டும், சில வருடம் ஏமாற்றிவிடும். மாதவாரியாக அட்டவணை போடுவது இங்கே கஷ்டம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று பெங்களூரில் நீங்கள் பார்க்கும் மரமெல்லாம் அவர் காலத்தில் நட்டது இல்லை. 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. பழைய மரங்களில் பல போய்விட்டன. நிலைத்தது அந்த யோசனை.

எதிரி நாட்டவர்

1914இல் முதல் உலகப் போர் வந்தது. க்ரும்பீகலுக்குச் சம்பளம் கொடுத்தது மைசூர் அரசு. ஆனால் இந்தியாவை ஆண்டது பிரிட்டன். பிரிட்டனின் எதிரி ஜெர்மனி. இருபது வருடத்துக்கு மேல் இந்திய மண்ணில் செடி வளர்த்தவர் திடீரென்று எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். காவலில் வைக்கப்பட்டார்.

பிறகு வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் அதே கதை. அது தொடங்கியபோது அவருக்கு வயது 73. லால்பாக் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியிருந்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு தோட்டக்காரரால் யாருக்கு என்ன ஆபத்து என்று இன்று கேட்கத் தோன்றும். போர்க்காலத்துச் சட்டம் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தது.

இரண்டு போருக்கும் நடுவில்தான் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மிகப் பெரிய தோட்டம் உருவானது. மைசூருக்குப் பக்கத்தில் உள்ள பிருந்தாவன் தோட்டம். காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணையின் அடிவாரத்தில், 1927இல் தொடங்கி 1932இல் முடிந்தது. திட்டம் திவான் மிர்சா இஸ்மாயிலுடையது. படிப்படியாக இறங்கும் தளங்கள், நடுவில் ஓடும் நீர், வரிசையாக நீரூற்றுகள். பழைய தமிழ்ப் படங்களின் டூயட் பாட்டுகளில் நிச்சயம் பாத்திருப்பீங்க. நாயகனும் நாயகியும் ஓடிவரும் அந்தப் படிக்கட்டுகள்தான்!

அதே 1932இல் அவர் லால்பாக்கை விட்டு ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் ஒரு இந்தியர், எச். சி. ஜவராயா. ஓய்வுக்குப் பிறகும் க்ரும்பீகல் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்விடவில்லை. ஆலோசனை சொல்லிக்கொண்டு பெங்களூரிலேயே இருந்தார். இந்தியா சுதந்திரம் அடைந்ததையும் அங்கிருந்தே பார்த்தார்.

1956 பிப்ரவரியில், 90ஆவது வயதில் பெங்களூரில் காலமானார். ஓசூர் சாலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லால்பாக்கில் அவர் பெயரைத் தாங்கி நின்ற பழைய மண்டபம் 2017இல் இடிந்து விழுந்தது. சாலை விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் மரங்கள் வெட்டப்படும்போதெல்லாம் நகரவாசிகள் தெருவுக்கு வந்து போராடுகிறார்கள். லால்பாக்கை ஒட்டி க்ரும்பீகல் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அடுத்த முறை பெங்களூரு போகும்போது ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்க. மார்ச் மாதமாக இருந்தால் வழியெல்லாம் ஜகரண்டா பூத்திருக்கும்.