ஓம் என்னும் ஆசிரியர்

நம் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் இயங்கும் மின்கருவிகளுக்கெல்லாம் கணக்கு வகுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரே ஜார்ஜ் சைமன் ஓம்.

1789-ஆம் ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தாமே முயன்று கற்ற தந்தை மகனுக்குக் கணிதம் புகட்டினார். 1817-இல் கொலோன் நகரில், முன்பு இயேசு சபையார் நடத்திய பள்ளியில் ஆசிரியரானார். அங்கே வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரம் செலுத்திச் சோதித்தார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே அளவில் கூடும். தடை மிகுந்தால் குறையும் என்று கண்டு, 1827-இல் நூலாக வெளியிட்டார்.

அறிஞர் பலர் அதை மதிக்கவில்லை. மனம் நொந்து வேலையைத் துறந்தார். சில ஆண்டுகள் வறுமையில் வாடினார். 1841-இல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852-இல்தான் கிட்டியது. 1854-இல் மியூனிக்கில் காலமானார். மின்தடையின் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாணவியரே, 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் மின்னோட்டம் பாயும் இஸ்திரிப் பெட்டியை எண்ணுங்கள். வகுத்தால் தடை 57.5 ஓம், பெருக்கினால் திறன் 920 வாட். இந்த எளிய கணக்கின் பின்னே ஓர் ஆசிரியரின் நெடுநாள் பொறுமை இருக்கிறது. அதையும் சேர்த்தே கற்போம்.