கோயம்புத்தூர் கரி

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சாம்பாரைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, நான் நேரில் பார்த்தேயிராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் ஒரு மேம்பாலம்.

வேளச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் இரண்டு கவலை. வீட்டுக்குள் தண்ணீர் வருமா? கார் மிதக்குமா? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், ஊரே காரை எடுத்துக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியது பேப்பரில் எல்லாம் வந்தது. அந்த வரிசையில் அடியேனின் பழைய ஸ்விஃப்ட்டும் ஒன்று. பின் கண்ணாடியில் ராலி மார்ஷல் ஸ்டிக்கர். பக்கத்தில் வண்டி நிறுத்திய பையன் அதைப் பார்த்து விசாரித்தான். நம் கல்லூரி, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்! நனைந்துகொண்டே அரைமணி நேரம் பேசினோம். சென்னா தெரிகிறது, ஷூமாக்கர் தெரிகிறது, வெர்ஸ்டாப்பனின் லேப் டைம் தசமப் புள்ளியோடு தெரிகிறது. கரிவரதன் யார் என்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வயதில் எனக்கும் தெரியாது.

மில் வீட்டுப் பிள்ளை

எஸ். கரிவரதன் 1954ல் பிறந்தவர். கோயம்புத்தூரில் பஞ்சாலை நடத்தும் பெரிய குடும்பம். பந்தயக்காரர்கள் வட்டாரத்தில் பெயரைச் சுருக்கி கரி என்றே அழைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

கோவையின் தண்ணீரிலேயே இரும்புச் சத்து கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, பிற்பாடு என்னென்ன இயந்திரங்கள் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மில்லுக்கு உதிரி பாகம் வேண்டும், கிணற்றுக்கு பம்ப் வேண்டும், பம்புக்கு மோட்டார் வேண்டும் என்று தெருவுக்குத் தெரு லேத்தும் ஃபவுண்டரியும் முளைத்த ஊர். வெளியூரிலிருந்து வாங்கினால் விலை ஜாஸ்தி என்றால், நாமே செய்து பார்த்துவிடலாமே என்று கிளம்புகிற ஊர். கரியும் அந்த மண்ணின் பிள்ளைதான். வசதியான வீட்டுப் பிள்ளை கார் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. காரின் அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக் கொள்வதுதான் விஷயம்.

சோழவரம்

அந்தக் காலத்தில் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம், சென்னைக்கு வடக்கே இருக்கிறது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில்தான் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி கூடும். பஸ் பிடித்து, சைக்கிள் மிதித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்களாம். நம் ஒர்க்ஷாப்பில் இருந்த பெரியவர் ஒருவர் பையனாக இருந்தபோது அப்படிப் போனவர். கரியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பந்தயத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நிஜமான ரேஸ் கார்கள். இறக்குமதி வரியே காரின் விலையை விழுங்கிவிடும் காலம் அது. மகாராஜாக்களும் பெரிய தொழிலதிபர்களும் மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். இன்னொன்று, ஃபியட், ஹெரால்டு என்று தினசரி ரோட்டில் ஓடுகிற வண்டியைக் குடைந்து, இழைத்து, எடை குறைத்து, எப்படியோ வேகம் ஏற்றியவை. கரி இரண்டையும் பார்த்தார். நன்றாக ஓட்டினார். அதைவிட நன்றாக டியூன் செய்தார். சொந்தமாகக் கார் கட்டவும் ஆரம்பித்தார்.

ஜெயிப்பதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. கோப்பை வாங்கியவர்கள் நிறைய பேர். கரியின் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். பணம் இருப்பவன் மட்டும் ஓட்டினால், நாட்டில் யார் நிஜமாக வேகமானவன் என்று எப்படித் தெரியும்? பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி கார், கட்டுப்படியாகும் விலையில் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்!

1988

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. நம் அப்பாக்கள் கியூவில் நின்று புக் பண்ணிய அதே வண்டி. அந்த இன்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, மேலே ஃபைபர் கிளாஸ் போர்த்தி, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காராக ஆக்கினார் கரி. 1988ல் அது களமிறங்கியது. பெயர் ஃபார்முலா மாருதி.

அதே 1988ல்தான் அயர்ட்டன் சென்னா மெக்லாரன் காரில் முதல் உலகப் பட்டம் வென்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அறுநூறுக்கும் மேல் குதிரைகள். மாருதி 800ல் கம்பெனி கொடுத்தது நாற்பதுகூட இல்லை. சிரிப்பு வருகிறதா? இன்ஜினியர் சிரிக்கக் கூடாது. எடையைக் குறைத்தால் நாற்பது குதிரைக்கும் வேலை இருக்கிறது. இன்ஜின் சிறிதாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பவர் இருக்கிற வண்டியில் வளைவில் தப்புப் பண்ணினால், நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அமுக்கிச் சரிக்கட்டிவிடலாம். பவர் இல்லாத வண்டியில் வளைவில் விட்ட வேகம் விட்டதுதான். ஆகவே ஓட்டக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். கியர் பாக்ஸ் உடைந்தால் பக்கத்துத் தெருவில் ஸ்பேர் கிடைக்கும், மாருதி மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார். இந்த இரண்டும் சேர்ந்து, பந்தயம் என்பது மகாராஜா சமாச்சாரம் என்ற நிலையை மாற்றின.

ட்ராக்கும் மாறிற்று. சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே ஒரு நிரந்தரப் பாதை அமைத்து, 1990ல் பந்தயம் தொடங்கியது. இன்று அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

ஃபார்முலா மாருதியில் ஏறிய கோவைப் பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 1977ல் பிறந்தவர். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், சவுத் இந்தியா ராலியை ஏழு முறை வென்றவர். வீட்டிலேயே ராலி ரத்தம்! ஆனாலும் ரத்தம் மட்டும் போதாது, ஏறி உட்கார ஒரு கார் வேண்டுமே. அந்தக் காரைக் கரி செய்து வைத்திருந்தார். 1996ல் நரேன் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2005ல் ஜோர்டான் அணியில், ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர்.

இரண்டையுமே கரி பார்க்கவில்லை.

1995

கார் போதாதென்று கரிக்கு ஆகாயத்தின் மேலும் ஆசை. 1995 ஆகஸ்டில், சிறு விமான விபத்தில் கோவையில் இறந்து போனார். வயது 41.

அவர் பெயரில் இன்று கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பழைய பந்தயக்காரர் பி. விஜயகுமார் அமைத்தது. 2.1 கிலோமீட்டர், 2003ல் திறந்தார்கள். சின்ன ட்ராக்தான். ஒவ்வொரு சீசனிலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களும் பெண்களும் அங்கே முதன்முதலாக ஹெல்மெட் மாட்டுகிறார்கள். கரி இருந்திருந்தால் பிட் சுவரில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் கார்

இப்போது ஒர்க்ஷாப் பெரியவர் கதை. இறுதியாண்டில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மாணவர் போட்டி ஒன்றுக்குக் கார் கட்டினோம். தூக்கமில்லாமல் ஆறு மாதம். போட்டித் திடலில் பிரேக் டெஸ்ட்: ஓடிவந்து அமுக்கினால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் பின் சக்கரம் முதலில் பூட்டி, வண்டி பக்கவாட்டில் திரும்பி நின்றது. மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் அதே கதை. ஒரு அடிகூடப் பந்தயத்தில் ஓடாமல் லாரியில் ஏற்றித் திரும்பினோம். ஸ்பான்சர் பணம் போச்சு, மானம் போச்சு. காரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது என்று முடிவும் எடுத்தாயிற்று.

பெரியவர் தடுத்தார். திட்டவில்லை, தேறுதலும் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்து மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றும்போதுதான் கரியின் கதையைச் சொன்னார். சோழவரத்தில் எத்தனை வண்டி புகைந்து நின்றது, நின்ற வண்டியை மறு வாரம் பிரித்துப் பார்த்தவர்கள் யார், கூட்டத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் யார் என்று. இரவு பதினொரு மணிக்குத் தப்பு கிடைத்தது. பிரேக் அமுக்கும்போது எடை முன்பக்கம் சாயும் என்பதை நாங்கள் குறைவாகக் கணக்குப் போட்டு, பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் கொடுத்திருந்தோம். ஒரே ஒரு வரிக் கணக்கு! இன்று நான் பிரேக் பாகங்கள் வடிவமைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்த ராத்திரிக்கு நான் பட்ட கடன் அது.

காற்றாலைகளுக்கு நடுவே

எங்கள் வேளச்சேரி கோஷ்டியில் ஐந்து பேர். ராலி இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் கூடி, இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவோம். கோவை ராலி என்றால் பல்லடம் பக்கம் கேத்தனூர். காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண் பாதைகளை அடைத்து ஸ்டேஜ் போடுவார்கள். விடியுமுன்பே அவரவர் முனையில் போய் நிற்க வேண்டும்.

ராலி என்பது ட்ராக் மாதிரி இல்லை. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது கிடையாது. ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பி, கடிகாரத்தோடு போட்டி. ஓட்டுநர் பக்கத்தில் கோ-டிரைவர், வளைவு வளைவாகக் குறிப்பைப் படித்துக்கொண்டே வருவார். முதலில் ஜீரோ கார் வந்து பாதை காலியா என்று பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் ஸ்வீப்பர் கார். நடுவில் பொறுப்பு எல்லாம் மார்ஷல்களுடையது. டைம் கன்ட்ரோலில் அட்டையில் நிமிஷம் எழுதுபவர், வயர்லெஸ் பிடிப்பவர், ஆட்டையும் சைக்கிளையும் வேடிக்கை பார்க்க வரும் தாத்தாவையும் தடுத்து நிறுத்துபவர். எல்லாம் வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்கள். கிடைப்பது ஒரு டி-ஷர்ட், பொட்டலச் சாப்பாடு, முகமெல்லாம் செம்மண்.

மூன்றாவது வருஷம், என் முனையிலிருந்து எண்பது மீட்டரில் ஒரு கார் வாய்க்காலில் பக்கவாட்டில் விழுந்தது. தூசி அடங்கவில்லை. விழுந்த காரில் ஆபத்தில்லை என்றால் ஓ.கே. பலகையைக் காட்ட வேண்டும், உதவி வேண்டுமென்றால் எஸ்.ஓ.எஸ். எதுவுமே தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு ஓடினேன். காலில் உயிரே இல்லை. கிட்டே போனபோது ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது. கையில் ஓ.கே. பலகை. அப்புறம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ரோல் கேஜும் பெல்ட்டும் தம் வேலையைச் செய்திருந்தன.

வீட்டில் இதைச் சொன்ன நாள் முதல், மனைவிக்கு நான் போவது பிடிக்கவில்லை. கரியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். தப்பான உதாரணம்! நாற்பத்தொரு வயதில் இறந்தவரைச் சொல்லி யாரைச் சமாதானப்படுத்த முடியும்? எனக்கு இப்போது முப்பத்தேழு. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். இதற்கு முழு பதில் என்னிடம் இல்லை. அமெச்சூர் பிரிவில் ஒரே ஒரு முறை ஸ்டேஜ் ஓட்டினேன், கடைசிக்கு முந்தின இடம். அதோடு ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன். முனையில் நிற்பதை நிறுத்தவில்லை. அங்கே ஆள் இல்லாவிட்டால் வாய்க்காலில் விழுந்தவனுக்கு யார் ஓடுவது? என் மனைவி இதை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தயிர்சாதம் மட்டும் கட்டிக் கொடுக்கிறாள்.

தம்பி தங்கைகளுக்கு

கல்லூரி ஒர்க்ஷாப் பின்னால் எங்கள் காரின் குழாய்ச் சட்டம் இன்னும் கிடப்பதாகக் கேள்வி. பிரேக்கை நாங்கள் சரிசெய்துதான் வைத்தோம். துருவைச் சுரண்டிவிட்டு, அதில் என்ன செய்யலாம் என்று பாருங்கள். கையில் இருக்கிற இன்ஜினை வைத்துத்தான் கரியும் ஆரம்பித்தார்.

கார் கட்ட வசதியில்லையா? ராலிக்கு வாருங்கள். அடுத்த சீசனில் எங்கள் கோஷ்டிக்கு இன்னும் நான்கு பேர் தேவை. அந்த மேம்பாலத்துப் பையன் இரண்டு ராலிக்கு வந்துவிட்டான். மூன்று பேர் பாக்கி. மறுசந்திப்பு அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பார்க்கிங்கில் இருப்பேன். பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஸ்விஃப்ட். தயங்காமல் வந்து பேசுங்கள்.