முட்டைக்குள் சிக்கிய காய்ச்சல் கிருமி
விஞ்ஞானி பர்னட்டின் வாழ்க்கை

1918-ம் ஆண்டு. இன்புளூயன்சா என்னும் விஷக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் அதிகமான பேர் மடிந்தார்கள். எந்தக் கிருமியால் இந்த நோய் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள்.

அப்போது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில், ஒரு வாலிபர் டாக்டர் படிப்புப் படித்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் பிராங்க் மக்பர்லேன் பர்னட்.

வண்டு பிடித்த சிறுவன்

பர்னட் 1899-ல் டிராரல்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாங்கி மானேஜர். சிறுவன் பர்னட் கூச்சம் மிகுந்தவன். வண்டுகளைப் பிடித்துச் சேர்ப்பதே அவனுக்கு விளையாட்டு. சிறிய உயிர்களைக் கூர்ந்து பார்க்கும் அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

1932-ல் பர்னட் லண்டன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குப் போனார். மறு ஆண்டு அங்கே ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். நோயாளி தொண்டை கொப்பளித்த நீரை, கீரி போன்ற பெரட் என்னும் பிராணியின் மூக்கில் விட்டார்கள். அதற்கும் காய்ச்சல் கண்டது. மனிதனைத் தாக்கும் இன்புளூயன்சா கிருமி அகப்பட்டு விட்டது!

ஆனால் நோயாளிக்கு ஒரு பிராணி என்று வைத்துச் சோதிக்க முடியுமா? முடியாதே!

முட்டையே சோதனைச்சாலை

அடை வைத்த கோழி முட்டையில் கிருமி வளர்க்கும் முறையை அமெரிக்கர்கள் 1931-ல் கண்டிருந்தார்கள். பர்னட் அதைப் பிடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் பாடுபட்டார். 1940-ல் வெற்றி கிடைத்தது. முட்டை ஓட்டில் சிறு துளை போட்டு, குஞ்சுக் கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பையில் நோயாளியின் தொண்டை நீரைச் செலுத்தினார். சில நாளில் கிருமி பல்கிப் பெருகியது. பிராணி தேவைப்படவில்லை.

1941-ல் அமெரிக்க டாக்டர் ஹெர்ஸ்ட் இன்னொரு வழி கண்டார். அந்த முட்டை நீரைக் கோழி ரத்த அணுக்களோடு கலந்தால், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிருமி இல்லாவிட்டால் அவை குழாயின் அடியில் பொட்டுப்போல் படியும். கண்ணாலேயே பார்த்துக் கிருமி உண்டா, இல்லையா என்று சொல்லிவிடலாம். இதையும் பர்னட் மேலும் ஆராய்ந்தார்.

தோல்வியும் புகழும்

யுத்த காலத்தில் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து ஒன்றைச் செய்து பார்த்தார். அது எதிர்பார்த்த பலன் தரவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெரிய பதவி தர முன்வந்தது. பர்னட் தாய்நாட்டை விட்டுப் போகவில்லை.

உடல் தன்னையும் அந்நியப் பொருளையும் எப்படிப் பிரித்து அறிகிறது என்ற ஆராய்ச்சிக்காக, 1960-ல் நோபல் பரிசு பெற்றார். 1985-ல் காலமானார்.

இன்று சில மணி நேரத்தில் இன்புளூயன்சாவைக் கண்டுபிடிக்கும் புதிய சோதனைகள் வந்துவிட்டன. ஆனால் அதன் தடுப்பு மருந்தில் பெரும்பகுதி இன்னும் கோழி முட்டையில்தான் வளர்கிறது. வண்டு பிடித்த சிறுவனின் உழைப்பு வீண் போகவில்லை.