பிசினில் படிகம் கண்டவர்

ஊசி போன்ற இலைகளும் செதில் அடுக்கிய கூம்புகளும் உடைய பைன் மரத்தின் பட்டையில் ஆழமான கீறல் விழுந்தால், அவ்விடத்தில் ஒட்டும் பிசின் திரண்டு வழியும். மரத்தினுள் ஓடும் பிசின் குழாய்களில் சுரக்கும் பொருள் அது. காயத்தை மூடிப் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கிறது. அதைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வருவது டர்பன்டைன் எண்ணெய். கலத்தின் அடியில் தங்குவது, வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின். இவ்விரண்டையும் மனிதர் நூற்றாண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்தனர். ஆயினும் டர்பன்டைனும் அதனை ஒத்த தாவர எண்ணெய்களும் எவற்றால் ஆனவை என்பதில் பெருங்குழப்பமே நிலவியது. அக்குழப்பத்தைத் தீர்த்தவர் ஜெர்மானிய வேதியியலர் ஆட்டோ வாலக்.

அவர் 1847ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கிய வோலர் பணியாற்றிய கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வாலக் பயின்றார். அங்கே மாலை 5 மணிக்கு எரிவாயு நிறுத்தப்பட்டுவிடும். அதன்பின் மெழுகுவத்தி ஒளியில் வேலையைத் தொடர்ந்து, 1869ஆம் ஆண்டிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, பென்சீன் வளையத்தால் புகழ்பெற்ற கெகுலேயிடம் பான் நகரில் பணிக்குச் சேர்ந்தார். இடையில் பெர்லினில் தொழிற்சாலைப் பணி ஒன்றையும் ஏற்றார். அங்கிருந்த புகையை அவர் உடல் தாங்கவில்லை. 1872இல் பானுக்கே திரும்பினார்.

மருந்தாக்கவியல் கற்பிக்கும் பொறுப்பு 1879இல் அவரிடம் வந்தது. அவர் விரும்பித் தேர்ந்த துறையன்று அது. ஆனால் அதுவே அவரை மருந்துக்குப் பயன்படும் நறுமண எண்ணெய்களின் பக்கம் திருப்பியது. கெகுலேயின் ஆய்வகத்து அலமாரி ஒன்றில் அத்தகைய எண்ணெய்க் குப்பிகள் நெடுங்காலமாகத் திறக்கப்படாமல் கிடந்தன. அவற்றை ஆராய வாலக் இசைவு கேட்டார். அவற்றிலிருந்து ஏதேனும் பெற முடிந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கெகுலே சற்றே நகைப்புடன் கூறினாராம்.

அந்த நகைப்புக்குக் காரணம் இருந்தது. இவ்வெண்ணெய்களில் உள்ள டெர்பீன்கள் பல, 10 கார்பன் அணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரே வாய்பாட்டை உடையவை. கொதிநிலைகளும் நெருங்கியிருந்தமையால் வடித்துப் பிரிப்பது கடினம். எனவே எந்தத் தாவரத்திலிருந்து எண்ணெய் கிடைத்ததோ அதனையொட்டி ஆளுக்கொரு பெயர் சூட்டினர். ஒரே பொருள் ஐந்தாறு பெயர்களில் உலவியது. வேறுபட்ட பொருள்கள் ஒரே பெயரில் ஒளிந்துகொண்டன.

நீர்மமாக இருக்கும்வரை அடையாளம் சிக்காது என்று கண்ட வாலக், அவற்றைத் திண்மமாக மாற்ற முனைந்தார். ஒவ்வோர் எண்ணெயிலிருந்தும் பிரித்த டெர்பீனுடன் புரோமின், ஹைட்ரஜன் குளோரைடு, நைட்ரோசில் குளோரைடு ஆகியவற்றை வினைபுரியச் செய்தார். அப்போது தோன்றிய படிகங்களுக்குத் திட்டமான உருகுநிலை இருந்தது. உருகுநிலை ஒன்றானால் பொருளும் ஒன்றாக இருக்கலாம். பிற பண்புகளையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம். சொல்லும்போது எளிது. அதற்குள் அடங்கிய பொறுமையைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன் புரோமினுடன் சேர்ந்து தந்த படிகம் ஏறத்தாழ 104 பாகை செல்சியசில் உருகியது. கூம்பு மரங்களின் ஊசியிலை எண்ணெயிலும் அவர் லிமோனீனைக் கண்டார். அதன் படிகமும் அதே வெப்பநிலையில் உருகியது. ஆனால் ஆரஞ்சின் லிமோனீன் முனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்ப, ஊசியிலையின் லிமோனீன் இடப்புறம் திருப்பியது. இரண்டையும் சம அளவில் கலந்தபோது ஒளித்திருப்பம் மறைந்தது; அக்கலவை தந்த படிகமோ ஏறத்தாழ 124 பாகையில் உருகியது. டைபென்டீன் என்று தனிப்பொருளாகக் கருதப்பட்டது இக்கலவையே எனத் தெளிவாயிற்று. வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களை, ஒரு பழத்தோலும் ஒரு கூம்பு மரமும் தனித்தனியே ஆக்கி வைத்திருந்தன.

டர்பன்டைனின் முதன்மைப் பொருளுக்குப் பைனீன் என்னும் பெயர் நிலைபெற்றதும் அவராலேயே. 5 கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் அலகுகள் இணைந்தவையாக டெர்பீன்களைக் கருதலாம் என்று 1887இல் அவர் சுட்டினார். அந்தக் கருத்தைப் பின்னாளில் ருசிக்கா விரிவான விதியாக வளர்த்தார்.

கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1889இல் வாலக்கை அழைத்துக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பை 1909இல் டெர்பீன்களும் கற்பூரமும் பற்றிய பெருநூலாகத் தொகுத்தார். மறு ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. வாசனைப்பொருள் தொழில் அவர் ஆய்வின்மேல் ஊன்றி வளர்ந்தது. இன்று நம் கோயில்களில் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பகுதி, கற்பூர மரத்திலிருந்து வருவதன்று. பைன் பிசினின் பைனீனை வேதிமுறையில் மாற்றிப் பெறுவது.

1915இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் வாலக் ஆய்வை விடவில்லை. எண்பது வயதுவரை அதனைத் தொடர்ந்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளாத அவர், 1931 பிப்ரவரி 26 அன்று கோட்டிங்கனில் காலமானார்.