சீட்டு விரியும் முன்பே எதிரியை விரட்டியவர்: போக்கர் மேதை ஸ்டூ அங்கரின் வாழ்க்கை

1990-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில், உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டி மூன்றாம் நாளை எட்டியிருந்தது. முதலிரண்டு நாள்களில் சிப்களை மலைபோலக் குவித்திருந்த ஆட்டக்காரரின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. தேடிச் சென்றவர்கள், விடுதி அறையின் தரையில் போதைப்பொருள் மிகுதியால் நினைவிழந்து கிடந்த அவரைக் கண்டனர்.

ஆட்டம் நிற்கவில்லை. வராதவரின் கணக்கிலிருந்தும் கட்டாயப் பந்தயத் தொகையை ஒவ்வொரு சுற்றிலும் கழித்துக்கொள்வது விதி. அவ்வாறு கழித்துக்கொண்டே போயும், 194 பேர் பங்கேற்ற போட்டியில் அந்தக் காலி நாற்காலி ஒன்பதாம் இடம் பிடித்தது. பரிசாக 25,050 டாலரும் கிடைத்தது.

அந்த நாற்காலிக்கு உரியவர் ஸ்டூ அங்கர். போக்கர் வரலாற்றில் இவரளவுக்கு எதிராளிகளை அச்சுறுத்தியவர்கள் மிகச் சிலரே.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், 1953 செப்டம்பர் 8 அன்று யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அங்கர். தந்தை மதுக்கூடம் நடத்தியபடியே, விளையாட்டுப் பந்தயங்களுக்குப் பணம் வசூலிக்கும் தொழிலும் செய்துவந்தார். சீட்டும் பந்தயமும் அன்றாடப் பேச்சாக இருந்த அந்தச் சூழலில், சிறுவன் பள்ளிப் பாடங்களைவிட வேகமாகச் சீட்டுகளைக் கற்றான். பத்து வயதிலேயே உள்ளூர் ஜின் ரம்மி போட்டி ஒன்றில் வென்றான். 1967-இல் தந்தை மாரடைப்பால் காலமானார், தாயாரும் நோய்வாய்ப்பட்டார். படிப்பைக் கைவிட்ட சிறுவனின் ஆட்டமே குடும்பத்துக்கு வருமானமாயிற்று.

நம் வீடுகளில் ஆடப்படும் ரம்மிக்கு ஜின் ரம்மி நெருங்கிய உறவு. இருவர் மட்டுமே ஆடுவது. ஆளுக்குப் பத்துச் சீட்டு. எதிராளி எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்பதை நினைவில் நிறுத்துபவருக்கு, சிறிது நேரத்தில் அவர் கையிலிருப்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். அங்கரின் நினைவாற்றல் அசாத்தியமானது. கட்டின் கடைசிச் சீட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், தோற்றால் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்றெல்லாம் சலுகை அளித்தும் அவருடன் ஆட ஆள் கிடைக்காத நிலை வந்தது. 1970-களின் பிற்பகுதியில் லாஸ் வேகாஸில் குடியேறிய பின்னரும் இதே சிக்கல் நீடித்தது. வேறு வழியின்றியே அவர் போக்கர் மேசைக்கு வந்தார் என்பது, இன்று எண்ணிப் பார்க்கையில் விந்தையாக இருக்கிறது.

1977-இல் சூதாட்ட விடுதி உரிமையாளர் பாப் ஸ்டூபக் அவருக்கு ஒரு சவால் விடுத்தார். ஆறு கட்டுச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவர, இறுதியில் எஞ்சும் சீட்டு எதுவென அங்கர் சொல்ல வேண்டும். பந்தயம் ஒரு லட்சம் டாலர். அங்கர் வென்றார். பிளாக்ஜாக் மேசைகளில் அவரை அமரவிடாமல் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தடை விதித்ததற்கும் இந்தத் திறமையே காரணம்.

1980-இல் உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியில் நுழைந்தபோது அவருக்கு வயது 26. ஒல்லியான, குள்ளமான உருவம். பள்ளி மாணவனைப் போன்ற தோற்றத்தால் 'தி கிட்', அதாவது 'பொடியன்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. டெக்சாஸ் ஹோல்டெம் வகை ஆட்டத்தில் அப்போது அவருக்கு அனுபவம் மிகக் குறைவு. ஆயினும் 73 பேரில் கடைசி இருவரில் ஒருவராக எஞ்சினார். எதிரே அமர்ந்திருந்தவர் 1976, 1977 ஆகிய ஆண்டுகளின் சாம்பியனும், ஆக்ரோஷமாக ஆடுவதே போக்கரின் சாரம் என நூல் எழுதிப் புகழ்பெற்றவருமான டாயில் பிரன்சன்.

கடைசிக் கையில் பிரன்சனிடம் ஏஸும் ஏழும்; அங்கரிடம் இஸ்பேட் ஐந்தும் நான்கும். மேசையில் விரிந்த முதல் மூன்று சீட்டுகள் ஏஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி அமைந்துவிட்டது. நான்காவதாக மூன்று விழ, அங்கருக்கு ஏஸ் முதல் ஐந்து வரை வரிசை கூடியது. அதுவரையிலான மிக இளைய சாம்பியன் அவரே. 1989-இல் 24 வயது ஃபில் ஹெல்முத் வெல்லும்வரை அச்சாதனை நிலைத்தது. மறு ஆண்டும் பட்டத்தைத் தக்கவைத்தார் அங்கர்.

அவருடைய ஆயுதம் எது?

டெக்சாஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசையில் மூன்று பொதுச் சீட்டுகள் ஒருசேர விரிக்கப்படும், அதுவே 'ஃபிளாப்'. அதற்கு முன்பே ஒரு பந்தயச் சுற்று உண்டு. இருவர் கட்டாயத் தொகையாகிய 'பிளைண்ட்' செலுத்துவர். ஒருவர் அதை உயர்த்துவார். அவர் உயர்த்தியதை இன்னொருவர் மேலும் உயர்த்துவதே 'ரீ-ரெய்ஸ்'. பிளைண்டை முதல் பந்தயமாகக் கொண்டால் இது மூன்றாவது என்பதால், இக்கால ஆட்டக்காரர்கள் 'திரீ-பெட்' என்கின்றனர்.

அன்றைய பெரும்பாலானோர் இரட்டை ஏஸ், இரட்டை ராஜா போன்ற சீட்டுகள் வந்தால் மட்டுமே ரீ-ரெய்ஸ் செய்தனர். இரட்டை ஏஸ் வருவதோ 221 கைகளுக்கு ஒருமுறை. ஏதேனும் ஒரு ஜோடி அமைவதே ஏறத்தாழ 17 கைகளுக்கு ஒருமுறைதான். அப்படியானால், முதலில் உயர்த்துபவரிடமும் பெரும்பாலும் நடுத்தரச் சீட்டே இருக்கும். அவரால் கடும் அழுத்தத்தைத் தாங்க இயலாது. அங்கர் பற்றிக்கொண்டது இந்த இடைவெளியைத்தான்.

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். பிளைண்ட் 1,000, 2,000. ஒருவர் 6,000 வைக்கிறார். நடுவில் இருப்பது 9,000. இப்போது 18,000 வைத்து ரீ-ரெய்ஸ் செய்தால், மூன்றில் இரண்டு முறை எதிராளிகள் விலகினாலே நட்டமில்லை. அதுவும், அவர்கள் விலகாதபோதெல்லாம் தோற்பதாக வைத்துக்கொண்டாலும்கூட. அதற்கு மேல் விலகும் ஒவ்வொரு முறையும் லாபம். ஃபிளாப் விரியவே தேவையில்லை.

எனினும் யாரிடம், எந்த நேரத்தில் இதைச் செய்வது என்பதைக் கணக்கு சொல்லித்தராது. இங்கேதான் ஜின் ரம்மியில் பழகிய கண்கள் உதவின. யார் பரிசு வரிசைக்குள் நுழையக் காத்திருக்கிறார், யார் பெயருக்கு உயர்த்திப் பார்க்கிறார் என அங்கர் கணித்தார். போட்டியில் சிப் தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். ஆகவே அனைவருக்கும் பிழைத்திருப்பதே முதல் கவலை. அந்தக் கவலைக்கு அவர் விலை வைத்தார். சட்டைப் பையிலிருந்து மேலும் பணம் எடுத்து வைக்க முடிகிற ரொக்க ஆட்டங்களில் அவருக்கு இதே புகழ் வாய்க்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே அஞ்சாமல் திருப்பி உயர்த்த மற்றவர்களாலும் முடிந்தது.

இன்று கணினி மென்பொருள்கள் வகுக்கும் உத்திகளிலும் வலுவற்ற சில சீட்டுகளுடன் ரீ-ரெய்ஸ் செய்வது இயல்பான பகுதி. கணினியின் துணையின்றி, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை உணர்ந்தவர்களுள் அங்கர் முன்னவர்.

மேசையில் பணத்தைப் பற்றிய அச்சமே அவரிடம் இல்லை என்பது பலமாயிற்று. மேசையை விட்டு எழுந்த பின்னரும் அந்த அச்சம் வரவில்லை. போட்டிகளில் வென்றவற்றைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுச் சூதாட்டத்திலும் இழந்தார். கொகைன் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1980-களில் மணவாழ்க்கை முறிந்தது. வளர்ப்பு மகன் தற்கொலை செய்துகொண்டார். காலி நாற்காலி சம்பவம் அதற்கடுத்து நிகழ்ந்ததே. பின்வந்த ஆண்டுகளில் நண்பர்களின் தயவில் காலம் தள்ளினார்.

1997-இல் பில்லி பாக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர் 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்த, பெயர்ப்பதிவு முடியும் தறுவாயில் அங்கர் போட்டியில் சேர்ந்தார். போதைப்பழக்கத்தால் சிதைந்த மூக்கை மறைக்க நீலநிற வட்டக் கண்ணாடி. கையில் மகளின் புகைப்படம். முதல் நாளில் களைப்பால் கண்ணயர்ந்தவர், நாள்கள் செல்லச் செல்ல விழித்துக்கொண்டார். ஃப்ரீமான்ட் வீதியில் திறந்தவெளியில் நடந்த இறுதிச் சுற்றில் மேசையை அவரே ஆட்டிப்படைத்தார். ரான் ஸ்டான்லி ஒரு ஜோடி வைத்திருந்தும் அழுத்தம் தாளாமல் சீட்டைக் கவிழ்த்தார். அங்கர் திருப்பிக் காட்டியது, ஒன்றுக்கும் உதவாத ராணியும் பத்தும். 312 பேர் பங்கேற்ற போட்டியில் வென்று மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றார். பரிசு 10 லட்சம் டாலர். ஒப்பந்தப்படி பாதி பாக்ஸ்டருக்கு.

மறு ஆண்டுப் போட்டிக்குள் தன் பங்கை அவர் கரைத்துவிட்டார். 1998-இலும் பாக்ஸ்டர் கட்டணம் செலுத்தினார். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, களைப்பாக இருப்பதாகக் கூறி விலகிக்கொண்டார் நடப்பு சாம்பியன்.

அவ்வாண்டு நவம்பர் 22 அன்று, லாஸ் வேகாஸின் மலிவு விடுதி அறை ஒன்றில் அங்கர் இறந்து கிடந்தார். நெடுங்காலப் போதைப்பழக்கம் இதயத்தைப் பாழாக்கியிருந்ததே காரணம் என மருத்துவப் பரிசோதனை கூறியது. வயது 45. போக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 2001-இல் இடம்பெற்றது.

அவர் பெயரில் சொத்து எதுவும் இருக்கவில்லை. இறுதிச் சடங்குச் செலவுக்காக, அங்கு திரண்டிருந்த ஆட்டக்காரர்களிடம் நிதி திரட்டினர் நண்பர்கள். அவர்களுள் ஒருவர், ஆறு கட்டுச் சீட்டுகளை வைத்துச் சவால் விட்டு ஒரு லட்சம் டாலர் தோற்ற அதே பாப் ஸ்டூபக்.